யூலாலியா: பூ இல்ல, பேச்சு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல குழந்தைப் பேர் பகுதியில யூலாலியான்னு ஒரு பேரைப் போட்டு, ஸ்பானிஷ், அர்த்தம் 'பூ'ன்னு முடிச்சிட்டீங்க. ஸ்பெயின்ல அந்தப் பேர் இருக்குறது வாஸ்தவம்தான், ஆனா பொறந்த வீடு கிரேக்கம். 'யூ'ன்னா நல்ல, 'லாலெய்ன்'னா பேசுறது, ரெண்டும் சேர்ந்தா நல்லா பேசுறவ. நம்ம தேன்மொழி மாதிரின்னு வச்சுக்கோங்க. வேடிக்கை என்னன்னா லாலெய்ன்ங்கறது பழைய கிரேக்கத்துல வளவளன்னு பேசுறதுக்குத்தான் சொல்றது, அப்புறம்தான் சாதாரண பேச்சுக்கும் அதே சொல் ஆச்சு.

பேர் பரவுனது ஒரு சின்னப் பொண்ணால. ஸ்பெயின்ல மெரிடாங்கற ஊர், கி.பி. 304 வாக்குல, எங்க சாமிக்கு பலி போடுன்னு ரோம் ஆட்சி கிறிஸ்தவங்கள மிரட்டிட்டிருந்த சமயம், பன்னெண்டு வயசு யூலாலியா தானா கிளம்பி அதிகாரி முன்னாடி போய் நின்னு முடியாதுன்னு சொன்னாளாம், கொன்னுட்டாங்க. உயிர் போறப்ப வாயிலேர்ந்து வெள்ளைப் புறா பறந்துச்சு, உடம்பை பனி பெஞ்சு மூடுச்சுன்னு ப்ருடென்டியஸ்ங்கற லத்தீன் கவிஞர் பாடியிருக்கார். அதே கதையை 880 வாக்குல பழைய பிரெஞ்சுல 29 வரிப் பாட்டா எழுதியிருக்காங்க, பிரெஞ்சுல கைக்குக் கிடைச்ச இலக்கியத்துலயே பழசு அதுதான்.

பார்சிலோனாவுக்கும் ஒரு யூலாலியா உண்டு, ரெண்டு பேரும் ஒரே பொண்ணுதான்னு நிறைய ஆராய்ச்சியாளர்கள் சொல்றாங்க. பையன் அங்க வேலையில இருக்கான், கதீட்ரலுக்கு கூட்டிட்டுப் போனான். உள்முற்றத்துல 13 வெள்ளை வாத்து வளக்குறாங்க, செத்தப்ப அவளுக்கு வயசு 13ன்னு அந்த ஊர்க் கதை சொல்றதால. நான் கம்பிகிட்ட போனதும் ஒண்ணு கழுத்தை நீட்டிக் கத்துன கத்துல கைப்பையை கீழ போட்டுட்டேன், நல்லா பேசுறவ பேருல இப்படி ஒரு தொண்டை!

இங்கிலீஷ் பேசுற நாடுகள்ல யூலாலியா இப்ப அபூர்வம். ஆனா பார்சிலோனா பக்கம் சுருக்கி லாயான்னு கூப்பிடுறாங்க, தெருவுக்கு ஒரு லாயா இருப்பா போல. செப்டம்பர் 24 மெர்சே மாதா திருவிழால மழை வந்தா, முன்னாடி நகரத்துக்குக் காவல் புனிதையா இருந்த தன்னை ஓரங்கட்டி மெர்சே மாதாவை வச்சுட்டாங்கன்னு யூலாலியா அழுறான்னு சொல்லுவாங்களாம்.

அடுத்த வாரம் ஓரமா ஒரு திருத்தம் போடுங்க சார், யாராவது பூன்னு நம்பி வச்சிடப் போறாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி