மாலின்யூவின் கேள்வியை எங்களோடு யோசித்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

போன ஞாயிறு நம் ஊர் நூலகத்தில் நடந்த தத்துவ வாசிப்புக் கூட்டம் அவ்வளவு நன்றாக அமைந்தது. அதற்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லவே இதை எழுதுகிறேன்.

எடுத்துக்கொண்டது டப்ளின்காரர் வில்லியம் மாலின்யூவின் கேள்வி. பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவர், கனசதுரத்தையும் கோளத்தையும் தொட்டே பிரித்தறியப் பழகியவர். திடீரென்று பார்வை வந்தால், தொடாமல் பார்த்த மாத்திரத்தில் எது எது என்று சொல்வாரா? மாட்டார் என்றார் மாலின்யூ. அறிவுக்கெல்லாம் அனுபவமே மூலம் என்று வாதிட்ட ஜான் லாக்கும் அதை ஒப்புக்கொண்டு, 1694-இல் வந்த தன் நூலின் இரண்டாம் பதிப்பில் இந்தக் கேள்வியைச் சேர்த்தார். எதிரே இருப்பவை அந்த இரண்டும்தான் என்று சொல்லிவிட்டால் போதும், முனையை வைத்து யோசித்தே கண்டுபிடிக்கலாம் என்பது ஜெர்மன் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸின் கட்சி.

முதல் நன்றி தச்சர் அண்ணனுக்கு. ஒரே வேப்பங்கட்டையில் இரண்டையும் செய்து, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கிக் கொடுத்தார். "மரமே காட்டிக்கொடுத்துடக் கூடாதுல்ல" என்றார். கேள்வி அவருக்கு முழுசாகப் பிடிபட்டிருந்தது.

அடுத்து, பிறவியிலேயே பார்வையில்லாத நம் ஆசிரியை அக்காவுக்கு. கனசதுரத்தைக் கட்டைவிரலால் சுற்றி வந்துவிட்டு, "எட்டு முனையையும் ஒவ்வொன்றாகத்தான் தொடுகிறேன். நீங்கள் எட்டையும் ஒரே நேரத்தில் பார்ப்பீர்களா?" என்று கேட்டார். கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். எப்படிப் பிடித்தாலும் ஏழுக்கு மேல் தெரியவில்லை. எட்டாவது இருக்கிறது என்று நாங்களும் நம்பத்தான் செய்கிறோம். அக்கா, நான் படித்த எந்த உரையாசிரியரும் இதை இவ்வளவு தெளிவாக எனக்குக் காட்டியதில்லை.

கண் மருத்துவர் அம்மாவுக்கும் நன்றி. மூளை ஆய்வாளர் பவன் சின்ஹாவின் குழுவினர், பிறவியிலேயே பார்வையில்லாமல் இருந்து டெல்லியில் சிகிச்சை பெற்ற ஐந்து பிள்ளைகளிடம் நடத்தி 2011-இல் வெளியிட்ட ஆய்வை அவர்தான் விளக்கினார். பார்வை வந்தவுடன், கையால் தொட்டதைக் கண்ணால் அடையாளம் காண அந்தப் பிள்ளைகள் திணறினார்கள். லாக் சொன்னது சரி என்றே படுகிறது. ஆனால் சில நாட்களிலேயே அது கைவந்துவிட்டதாம். அவ்வளவு சீக்கிரம் கூடிவர, உள்ளே ஏதோ ஒன்று முன்பே தயாராக இருந்திருக்க வேண்டாமா? இன்னும் அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்புறம், கூடம் தந்த நூலகர் ஐயாவுக்கும், தேநீர் பார்த்துக்கொண்ட தம்பிகளுக்கும் மனமார்ந்த நன்றி. கட்டைகள் இரண்டும் நூலகத்தில்தான் இருக்கின்றன. பள்ளிக்கூடங்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.