லிமிட்டைக் கூட்டிக் கேட்கும் முன்

அன்பு மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். முண்டு வத்தல் வரத்து தொடங்கிவிட்டது. ஏப்ரல் 15-இல் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். அதற்குள் மீன், ஐஸ், வத்தல், உப்பு என்று உங்கள் கம்பெனிகள் எல்லாவற்றுக்கும் வங்கியில் லிமிட்டை, அதாவது கடன் உச்சவரம்பை, கூட்டிக் கேட்கப்போவதாக எழுதியிருந்தாய். கேள், தப்பில்லை. முதலில் உங்கள் கம்பெனிகளுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கும் பணத்தை எடுத்துவிடு.

மீன் கம்பெனி ஐஸ் ஃபேக்டரிக்கு 40 லட்சம் பாக்கி என்றாய். நம்ம பணம்தானே என்று விட்டால் மத்தளம்போல இரண்டு பக்கமும் அடி. மீன் கம்பெனியின் ஸ்டாக் மதிப்பிலிருந்து கொடுக்கவேண்டிய பாக்கியை வங்கி கழித்துவிடும். ஐஸ் கம்பெனிக்கோ, சொந்தக் குழுமத்திடமிருந்து வரவேண்டிய தொகையைப் பெரும்பாலான வங்கிகள் டிராயிங் பவரில் (ஸ்டாக்கையும் வரவேண்டிய பில்லையும் வைத்து, லிமிட்டுக்குள் எடுக்கவிடும் தொகையில்) சேர்ப்பதே இல்லை.

கணக்குப் போட்டுப் பார். மீன் கம்பெனிக்கு ஸ்டாக் 4 கோடி, ஐஸ் பாக்கியும் சேர்த்துக் கொடுக்கவேண்டியது 1.20 கோடி, மீதி 2.80 கோடியில் 25% மார்ஜின் (வங்கி கடன் தராமல் நம் பங்காக விடுவது) போக 2.10 கோடி. வரவேண்டிய பில் 3 கோடி. அதில் 90 நாள் தாண்டிய 60 லட்சத்தைத் தள்ளி, மார்ஜினும் போக 1.80 கோடி. ஆக 3.90 கோடி. லிமிட் 5 கோடியானாலும் எடுக்க முடிவது இவ்வளவுதான்! லிமிட்டை 6 ஆக்கினாலும் இது நகராது. ஐஸ் பாக்கி 40 லட்சத்தைக் கட்டினால் டிராயிங் பவர் 4.20 கோடியாகும். கூடும் 30 லட்சத்தை வங்கியிலிருந்தே எடுக்கலாம், மீன் கம்பெனி கையிலிருந்து புரட்ட வேண்டியது 10 லட்சம். ஐஸ் கம்பெனிக்கு வருவது முழு 40. வங்கி கடன் அனுமதித்துக் கொடுத்த உன் சாங்ஷன் லெட்டரில் மார்ஜின் வேறாக இருந்தால் அதைப் போட்டுக்கொள். ஆனால் மாதக் கடைசியில் கட்டி 2-ஆம் தேதி திருப்பி எடுக்கும் வேலை வேண்டாம். வங்கி வைக்கும் ஸ்டாக் ஆடிட்டில் அப்பட்டமாகத் தெரியும்.

இன்னொன்று. ஐஸ் ஃபேக்டரி உத்யம் பதிவுள்ள (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) குறு, சிறு நிறுவனம் என்றால், அதன் பாக்கியைக் கட்ட எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாள்தான் கெடு. கெடு தாண்டி மார்ச் 31-இல் நிலுவையில் நிற்பதை அந்த ஆண்டுச் செலவாக வருமான வரியில் கழிக்க முடியாது. கட்டும் ஆண்டில்தான் கிடைக்கும். அண்ணன் தம்பி கம்பெனி என்ற சலுகை இதில் கிடையாது.

தடைக்காலத்தில் மீன் கம்பெனிக்குப் புதுச் சரக்கு குறையும், பழைய பில் பணம் வரும். கையில் காசு தெரியும். அதே நேரத்தில் வத்தல் கொள்முதல் பணத்தை இழுக்கும். மீன் கம்பெனிப் பணத்தை அதற்குக் கொடுக்கலாம். ஆனால் ஜூன் 14 முடிந்து படகு இறங்குவதற்கு முன் படகுக்காரர்கள் முன்பணம் கேட்டு வருவார்கள். அந்த முன்பணம் ஸ்டாக்கும் இல்லை, வரவேண்டிய பில்லும் இல்லை. வங்கி அதற்கு ஒரு ரூபாய் தராது. வத்தலுக்குக் கொடுத்த பணமோ அப்போது சரக்காகக் குடோனில் கிடக்கும். ஆண்டின் உண்மையான நெருக்கடி மே கடைசியும் ஜூனும்தான். வாலிநோக்கம் உப்புக் கம்பெனியில் உபரி இருந்தால், அதை இதற்கென்று இப்போதே ஒதுக்கிவிடு.

உப்புக் கம்பெனிப் பணத்தை மீன் கம்பெனிக்குச் சும்மா மாற்றாதே. ஒரு கம்பெனி இன்னொன்றுக்குக் கொடுக்கும் கடனுக்குக் கம்பெனிச் சட்டம் 186-ஆம் பிரிவில் வரம்பு உண்டு, வட்டியும் அரசுப் பத்திர வட்டிக்குக் குறையக் கூடாது. இரண்டுக்கும் இயக்குநர்கள் பொதுவானவர்கள் என்பதால், இயக்குநர் சம்பந்தப்பட்ட கடன் பற்றிய 185-ஆம் பிரிவையும் ஆடிட்டரிடம் காட்டு. போர்டு தீர்மானம் முதலில், பணம் பிறகு. உப்புக் கம்பெனியின் சிசி கணக்கிலிருந்து (லிமிட் உள்ள கடன் கணக்கு) எடுத்துக் கொடுத்தால், கடனை வேறு காரியத்துக்குத் திருப்பிவிட்டதாகவே வங்கி எழுதும். உபரி இருந்தால் மட்டும் கொடு.

ஒவ்வொரு சனிக்கிழமையும் கம்பெனிக்கு ஒரு தாள், சேர்த்து ஒரு தாள் என்று 13 வார வரவு செலவு எழுதச் சொல். உங்கள் கம்பெனிகளுக்குள் இருக்கும் பாக்கியைத் தனி நெடுவரிசையில் போடு. இல்லையென்றால் ஒரே பணம் இரண்டு தடவை வரவாகிவிடும்.

முதல் தாள் தயாரானதும் வாட்ஸ்அப்பில் அனுப்பு, அதன்பிறகு வங்கிக்கு எவ்வளவு கேட்பது என்று பேசலாம்.

அன்புடன்,
உன் மச்சான், கீழக்கரை