தெருவைத் திருத்தப் புறப்பட்ட ஆண்டு: செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பிறகு நம் சாலைப் பாதுகாப்புச் சங்கம் செய்த வேலைகளை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். உறுப்பினர் சேர்க்கை, குழுக் கூட்டங்கள், தீர்மானங்கள் எல்லாம் இணைப்பில் இருக்கின்றன. அவற்றை வாசித்து உங்கள் பொறுமையைச் சோதிக்கப் போவதில்லை.

போன பொதுக்குழுவில் நாம் ஒரு விஷயத்தை வெகுநேரம் விவாதித்தோம். சண்டை போட்டோம் என்றே சொல்லலாம். பேரணி, துண்டறிக்கை, பள்ளிகளில் உறுதிமொழி இவற்றைக் குறைத்துக்கொண்டு, தெருவின் அமைப்பையே மாற்றச் சொல்லிப் போராடுவதா என்பதுதான் கேள்வி. போராடுவது என்று முடிவானது. அது சரியான முடிவு என்பது என் கருத்து. பேரணி நடக்கிற அன்று ஓட்டுநர்கள் நம்மைப் பார்த்துக் கையசைத்துவிட்டு மெதுவாகத்தான் போகிறார்கள். மறுநாள் அதே தெரு அகலமாக, நேராக, காலியாகக் கண்முன் விரிந்ததும் கால் தானாக ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறது. ‘வேகமாகப் போ’ என்று தெருவே சொல்லும்போது ‘மெதுவாகப் போ’ என்று பலகை வைத்து என்ன பயன்?

இது நம் கண்டுபிடிப்பு அல்ல. ஸ்வீடன் நாடாளுமன்றம் 1997-இல் ஏற்றுக்கொண்ட ‘பூஜ்ய இலக்கு’ கொள்கையின் அடிப்படையே இதுதான். மனிதர் தவறு செய்யத்தான் செய்வார். அந்தத் தவறுக்கு உயிர் போகக் கூடாது. அதற்கான பொறுப்பு சாலையை வடிவமைப்பவருக்கும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் சாலைகளில் இறந்தவர்கள் சுமார் 11.9 லட்சம் பேர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் நடந்து போனவர்கள், சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ போனவர்கள். 5 முதல் 29 வயது வரையிலானவர்களின் மரணத்துக்கு முதல் காரணம் சாலை விபத்துதான். இத்தனை பேருமா கவனமில்லாமல் இருந்தார்கள்?

இந்த ஆண்டு பெரும்பகுதி உழைப்பு வேகத்துக்கே போனது. பள்ளிகளும் குடியிருப்புகளும் உள்ள தெருக்களில் உச்ச வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர் என்று ஆக வேண்டும், வெறும் பலகையால் அல்லாமல் அமைப்பாலும் அப்படி ஆக வேண்டும் என்பது நம் கோரிக்கை. நகர நிர்வாகத்திடம் பேசப் போகும்போதெல்லாம் ஒரு கணக்கைக் கொண்டு போனோம். 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஓட்டுநர் குறுக்கே ஓடி வரும் குழந்தையைப் பார்த்து, பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு விநாடியில் வண்டி ஏறக்குறைய 14 மீட்டர் போயிருக்கும். உலர்ந்த சாலையில், நல்ல பிரேக்கோடு, அப்புறம் நிற்க இன்னொரு 14 மீட்டர் வேண்டும். 30-இல் வருபவர் மொத்தமாகவே 13 மீட்டரில் நின்றுவிடுவார். அதாவது, 30-இல் வந்த வண்டி நின்றுவிட்ட இடத்தில், 50-இல் வந்த வண்டி பிரேக் பிடிக்கவே தொடங்கியிருக்காது. முழு வேகத்தோடு குழந்தையை மோதும். இதை ஒரு மைதானத்தில் அளந்து, சுண்ணாம்புக் கோடு போட்டுக் காட்டினோம். அதுவரை ‘20 கிலோமீட்டரில் என்ன பெரிய வித்தியாசம்’ என்று கேட்டுக்கொண்டிருந்த அதிகாரி ஒருவர், கோடுகளுக்கு நடுவே நடந்து பார்த்துவிட்டு, கோப்பைத் தன் மேசைக்கு அனுப்பச் சொன்னார்.

வேகத்தை நாமே அளந்ததிலும் ஒரு பாடம் கிடைத்தது. பளிச்சென்ற மஞ்சள் அங்கியோடு தொண்டர்கள் நின்றால் வண்டிகள் தாமாகவே அடங்கிப் போகின்றன. யாரோ அபராதம் போட வந்திருக்கிறார்கள் என்ற பயம்! அந்த நேரத்துப் பதிவுகளை ஒதுக்கிவிட்டு, நடைபாதையில் சற்று உள்ளே தள்ளி உட்கார்ந்து எடுத்தவற்றை மட்டுமே மனுவில் சேர்த்தோம்.

அடுத்தது தெருமுனைகள். முனை வரைக்கும் வண்டிகளை நிறுத்திவிட்டால், கடக்க நிற்கும் குழந்தை ஓட்டுநருக்குத் தெரியாது, ஓட்டுநர் குழந்தைக்குத் தெரியமாட்டார். முனையிலிருந்து சில மீட்டர் தூரத்துக்கு நிறுத்தம் கூடாது என்று கேட்டோம். அமெரிக்காவின் ஹோபோகன் நகரம் இதையே விடாப்பிடியாகச் செய்தது. வேறு பல மாற்றங்களும் சேர்ந்து, 2017 தொடங்கிப் பல ஆண்டுகள் அங்கே சாலை மரணமே இல்லை. நம் பகுதியில் ஒரு பள்ளி முனையில் அனுமதி வாங்கி, பெயின்ட்டும் தொட்டிச் செடிகளும் வைத்துத் தற்காலிகமாகச் செய்து பார்த்தோம். முனையின் வளைவையும் இறுக்கினோம். விரிந்த வளைவில் வேகம் குறைக்காமலே திரும்பிவிட முடியும், இறுக்கமான வளைவில் அது நடக்காது.

எதிர்ப்பு வந்தது. எதிரே கடை வைத்திருப்பவர்கள் வண்டி நிறுத்த இடம் போய்விட்டது என்றார்கள். அவர்களை எதிரிகளாகப் பார்க்க வேண்டாம் என்று குழு முடிவெடுத்தது நல்லதாயிற்று. பேசிப் பார்த்ததில், சரக்கு இறக்கும் வண்டிக்கு இடம் இல்லை என்பதே அவர்களுடைய உண்மையான குறை என்று தெரிந்தது. முனையைத் தாண்டி, சரக்கு இறக்க மட்டும் என்று நேரம் குறித்து ஓரிடம் ஒதுக்கச் சொன்னோம், ஒதுக்கினார்கள். எல்லோருக்கும் திருப்தி என்று சொல்ல மாட்டேன், ஆனால் தொட்டிகளை யாரும் நகர்த்தவில்லை. ஆம்புலன்ஸ் திரும்ப முடியுமா என்ற கேள்வி நியாயமானது. ஓட்டிப் பார்க்கச் சொன்னோம், ஓட்டிப் பார்த்தார்கள், முடிந்தது.

சிக்னல் விஷயம் முடியாமல் நிற்கிறது. நடப்பவர் விநாடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்று வைத்துக்கொண்டுதான் பல இடங்களில் பச்சை விளக்கின் நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கில் 12 மீட்டர் சாலையைக் கடக்க 10 விநாடி போதும். ஊன்றுகோலோடு விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கு 15 விநாடி வேண்டும். மிச்ச ஐந்து விநாடிக்கு அவர் நடுரோட்டில் ஹார்ன் சத்தத்துக்கு நடுவே நிற்கிறார். நேரத்தைக் கூட்டினால் போக்குவரத்து தேங்கும் என்பது நமக்குக் கிடைத்த பதில். சரி, கூட்ட முடியாத இடத்தில் சாலை நடுவே நின்று இளைப்பாறத் திட்டு கட்டிக் கொடுங்கள் என்று மறு மனு போட்டிருக்கிறோம். ‘எல்லோருக்கும்’ என்று நம் நோக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோமே, அந்த எல்லோரையும் இந்த ஐந்து விநாடியில்தான் அளக்க வேண்டும்.

பார்வைத்திறன் இல்லாத உறுப்பினர்களும் சக்கர நாற்காலி பயன்படுத்துவோரும் முன்னே செல்ல, மற்றவர்கள் பின்னே போன நடை ஆய்வுகள் இந்த ஆண்டும் தொடர்ந்தன. பார்வையற்றோருக்கு வழிகாட்டும் புடைப்புக் கற்களை ஜப்பானின் செய்இச்சி மியாக்கே உருவாக்கி, அவை 1967-இல் ஒக்காயாமா நகரில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டன. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும், அந்தக் கற்களின் வரிசை நேராக ஒரு மின்கம்பத்தில் போய் முட்டுவதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். பதித்தவருக்கு வேலை முடிந்தது, பில் போட்டாயிற்று. சாய்தளம் இருந்தும் அதன் அடியில் ஒரு சாண் உயரப் படி விட்டிருந்த இடமும் உண்டு. இவற்றைப் படத்தோடு பட்டியலிட்டுக் கொடுத்தோம். சில சரியாகின, பல ஆகவில்லை. பின்தொடரும் பொறுப்பைத் துணைச் செயலாளர் ஏற்றிருக்கிறார்.

நவம்பர் மாதம் மூன்றாம் ஞாயிறு, சாலை விபத்தில் இறந்தோருக்கான உலக நினைவு நாளில் வழக்கம்போலக் கூடினோம். மேடைப் பேச்சு வேண்டாம் என்று குடும்பத்தினர் கேட்டுக்கொண்டதால், பெயர்களை மட்டும் வாசித்தோம்.

நூலிழையில் தப்பிய நிகழ்வுகளுக்கென்று ஒரு பதிவேடு தொடங்கியதையும் சொல்ல வேண்டும். ஒரே முனையில் திரும்பத் திரும்ப வண்டிகள் கிறீச்சென்று நிற்கின்றன என்றால், அங்கே பிணம் விழும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பதிவு செய்பவர்கள் வண்டி எண்ணையோ ஆளின் பெயரையோ எழுத வேண்டாம். இடம், நேரம், எந்தத் திசையிலிருந்து யார் வந்தார்கள், மழையா, விளக்கு எரிந்ததா, அது போதும். நமக்குத் தேவை குற்றவாளி அல்ல, அந்த முனை ஏன் அப்படி இருக்கிறது என்ற விடை.

வரும் ஆண்டில் பள்ளி முனையின் தற்காலிக அமைப்பை நிரந்தரமாக்குவது முதல் வேலை. பெயின்ட் ஏற்கெனவே மங்கத் தொடங்கிவிட்டது. சிக்னல் மனுவைத் தொடர்வது இரண்டாவது. மூன்றாவதாக, இருட்டியபின் தெருவிளக்குகளையும் கடக்கும் இடங்களையும் ஆய்வு செய்ய ஒரு துணைக்குழு அமைக்க நிர்வாகக் குழு பரிந்துரைக்கிறது. இதுவரை நம் ஆய்வுகள் எல்லாம் பகலிலேயே நடந்திருக்கின்றன. மாலையில் வேலை முடிந்து நடந்தே வீடு திரும்பும் உறுப்பினர்கள் இதற்கு அவசியம் வேண்டும். அவர்களுக்குத் தெரிந்தது எங்களுக்குத் தெரியாது. விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்