ரொட்டியும் புது எண்ணெயும்: மக்காவுக்கு ஒரு கடிதம்

மக்கா,

சுகமா? வீட்டில் எல்லாரும் சுகமா? அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது கேட்டு நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல், அவர்கள் சரியாகிவிட்டது என்று தோன்றியதும் பாட்டிலைத் தூக்கி அலமாரியில் வைத்துவிடுகிற ஆள். நீ மாடி கட்டுகிற விஷயத்தை அப்புறம் பேசுவோம். சிமெண்ட் விலையைக் கேட்டு எனக்கே தலை சுற்றுகிறது.

பாப்பா கேட்டதுக்கு வருகிறேன். சென்னையில் எங்கோ புரூஸ்கெட்டா என்கிற இத்தாலிக்கார வாட்டின ரொட்டியைத் தின்றுவிட்டு வந்து, அதை வீட்டில் செய்தே தீருவேன் என்று நிற்கிறாளாமே. நீ அனுப்பின வீடியோவையும் பார்த்தேன். அந்தப் பையன் சாண்ட்விச் ரொட்டியில் சீஸ் தூவி, ஓவனில் வைத்து எடுத்து, மேலே கறுப்பாக ஒரு பாகை வளைத்து வளைத்து ஊற்றுகிறான். தின்றால் நன்றாகத்தான் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அது வேறே பண்டம். இங்கே இத்தாலியில், ஃப்ளாரன்ஸில் நான் வேலை செய்கிற ஓட்டல் சமையல்கட்டில் இதைச் சமையல் கணக்கிலேயே சேர்க்க மாட்டார்கள். ரொட்டி, பூண்டு, எண்ணெய், உப்பு. அவ்வளவுதான். தக்காளி இருந்தால் போடலாம், இல்லாவிட்டால் அதற்காக யாரும் கடைக்கு ஓடுவதில்லை. எல்லாரும் தக்காளியைத்தான் புரூஸ்கெட்டா என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதுதான் கோளாறு. ரொட்டியும் எண்ணெயும் சரியாக அமையாவிட்டால் மேலே என்ன அலங்காரம் பண்ணினாலும் அது நனைந்த ரொட்டிதான்.

நீ கேட்ட நேரமும் நல்ல நேரம், மக்கா. இப்போது நவம்பர். அக்டோபர் பாதியில் ஆரம்பித்த ஒலிவ அறுவடை இப்போதுதான் ஓய்கிறது. நான் வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரருக்கு ஊருக்கு வெளியே ஒரு சரிவில் கொஞ்சம் மரங்கள் உண்டு, லீவு நாளில் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். மரத்தடியில் பெரிய வலையை விரித்து, சீப்பு மாதிரி பல் வைத்த கம்பால் கிளையை வாரினால் காய் பொலபொலவென்று உதிர்கிறது. பாதி பச்சை, பாதி ஊதா. வாயில் ஒன்றைப் போட்டுப் பார்த்துவிடாதே, பாகற்காய் தோற்றுவிடும். பறித்த காயைச் சாக்கில் கட்டிப் போட்டு வைக்கக் கூடாது, சூடேறிப் புளிக்க ஆரம்பித்துவிடும், எண்ணெயில் நாற்றம் ஏறும். அன்றைக்கே, தவறினால் மறுநாள், ஆலைக்குக் கொண்டுபோய்விட வேண்டும். 100 கிலோ காய் கொடுத்தால் 12 கிலோ, 15 கிலோ எண்ணெய் தேறும். அதனால்தான் நல்ல எண்ணெய்க்கு அந்த விலை.

ஆலை என்றால் நம் ஊர்ச் செக்கு போலக் கற்பனை பண்ணாதே. எல்லாம் எவர்சில்வர் இயந்திரம். இலையை ஊதித் தள்ளி, காயைக் கழுவி, கொட்டையோடு சேர்த்து அரைத்து, அந்த விழுதை மெதுவாகப் பிசைந்துகொண்டே இருந்து, பிறகு வேகமாகச் சுழற்றி எண்ணெயைப் பிரிக்கிறார்கள். சூடு 27 டிகிரியைத் தாண்டினால் புட்டியில் குளிர் முறையில் எடுத்தது என்று போட்டுக்கொள்ள முடியாது, ஐரோப்பியச் சட்டம் அப்படி. கடைசியில் ஒரு குழாய் வழியாகப் பச்சையாக, கலங்கலாக, கெட்டியாக வழிகிறது பார், அந்த வாசனையை எழுத்தில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வெட்டின புல் வாசம் கொஞ்சம் வரும், பச்சைத் தக்காளிக் காம்பை நசுக்கினால் வருமே அதுவும் வரும்.

அந்த ஆலையின் மூலையில் ஒரு கணப்பு அடுப்பு. மேலே கம்பி வலைத் தட்டு, கீழே கனல். வண்டியில் காயோடு வந்து முறைக்குக் காத்திருக்கிறவர்கள் எல்லாம் அங்கேதான் கூடி நின்று அவரவர் மரத்தைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு தாத்தா, ரொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கத்தியைத் தன் பக்கமாகவே இழுத்து அறுத்தார், எனக்குத்தான் பயமாக இருந்தது. விரல் கனத்துக்குத் துண்டு போட்டு, கம்பி மேல் வைத்து, வரி வரியாகக் கருகத் தொடங்குகிற நேரம் திருப்பிப் போட்டார். தோல் உரித்த பூண்டுப் பல்லை முள்கரண்டியில் குத்தி, சுடச்சுட இருக்கும்போதே ரொட்டி மேல் ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு. மொறுமொறுப்பாகிச் சொரசொரத்த அந்த ரொட்டியே துருவி போல வேலை செய்கிறது, பூண்டு கரைந்து உள்ளே இறங்குகிறது. பிறகு துண்டைக் கொண்டுபோய் நேராக எண்ணெய்க் குழாய்க்கு அடியிலேயே காட்டினார்! மேலே உப்பு. தின்றதும் முதலில் ஒன்றும் தெரியாது, அப்புறம் தொண்டையில் மிளகு கடித்த மாதிரி ஒரு எரிச்சல், இருமல். இருமினால் அங்கே எல்லாருக்கும் சந்தோஷம், எண்ணெய் நன்றாக இருக்கிறதாம். அந்த எரிச்சலைக் கொடுக்கிற பொருள் இபுபுரூஃபென் மாத்திரை வேலை செய்கிற அதே வழியில் வேலை செய்கிறது என்று 2005இல் ஆராய்ச்சி செய்து எழுதினார்கள். அதற்காக அம்மாவின் மூட்டு வலிக்கு டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிடாதே, மாத்திரையின் அளவு வேறு, இதன் அளவு வேறு.

இந்தப் பக்கத்தில், டஸ்கனியில், இதற்கு ஃபெத்துந்தா என்று பெயர். ரோமில் புரூஸ்கெட்டா. இங்கத்து ரொட்டியில் உப்பே கிடையாது, தெரியுமா? முதல் முதலாகத் தின்றபோது மறந்துவிட்டார்களோ என்று நினைத்தேன். பழைய காலத்தில் பீசா ஊர்க்காரர்கள் உப்பு வழியை அடைத்ததால் வந்த வழக்கம் என்று ஒரு கதை, உப்பு வரி என்று ஒரு கதை, யார் எதைச் சொன்னாலும் அடுத்த ஆள் மறுக்கிறார். அந்த ரொட்டிக்கு 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பும் கொடுத்திருக்கிறது, நம் புவிசார் குறியீடு மாதிரி. தனியாகத் தின்றால் சப்பென்று இருக்கும், ஆனால் உப்பும் எண்ணெயும் மேலே விழுந்ததும் அதன் அருமை புரிகிறது. ஒருநாள் பழசானால் இன்னும் நல்லது, ஈரம் குறைந்து வெளியே சீக்கிரம் முறுகும்.

இனி நாகர்கோவிலில் இதை எப்படிச் செய்வது என்று பார்ப்போம், அதுதானே உனக்கு வேண்டியது.

பாக்கெட் ரொட்டி வேண்டவே வேண்டாம். அதில் சீனி இருக்கிறது, சுட்டால் மேலே சீக்கிரம் கருகும், உள்ளே பஞ்சாகவே கிடக்கும், எண்ணெய் பட்டதும் குழைந்துவிடும். உனக்குத் தெரிந்த பேக்கரிக்காரரிடம் சீனியும் பாலும் சேர்க்காமல் ஒரு முழு ரொட்டி போட்டுத் தரச் சொல்லிக் கேள், அறுக்காமல் வாங்கு. முடியாது என்றால் பாப்பாவிடம் சொல், அவளுக்குத்தான் ஓவன் இருக்கிறதே: மைதா 500 கிராம், தண்ணீர் 350 கிராம், உப்பு 10 கிராம், ஈஸ்ட் கால் டீஸ்பூன். கரண்டியால் கலந்து மூடி வைத்தால் போதும், பிசைய வேண்டாம். இங்கே ராத்திரி முழுக்க வைக்க வேண்டும், நம் ஊர்ச் சூட்டில் அவ்வளவு நேரம் பிடிக்காது, இரண்டு மடங்காகிக் குமிழ் விட்டால் சரி. மூடியோடு உள்ள கனமான இரும்புச் சட்டியை ஓவனிலேயே 230 டிகிரிக்குக் காயவைத்து, மாவை அதில் போட்டு, மூடி அரை மணி, திறந்து கால் மணி. நன்றாக ஆறின பிறகுதான் அறுக்க வேண்டும். இதற்குப் பொறுமை அவளுக்கு உண்டா, அப்பனைப் போலவா?

சுடுவதற்கு நம் ஊரை அடிக்க ஆள் இல்லை. சிரட்டைக் கனல் இருக்கும்போது ஓவன் எதற்கு? கனல் சாம்பல் பூத்த பிறகு கம்பித் தட்டை வை, தீ நாக்கு எழும்பும்போது வைத்தால் புகைநாற்றம்தான் மிஞ்சும். ஒன்றரை சென்டிமீட்டர் கனம் இருக்கட்டும். மெல்லிசாகப் போட்டால் ரஸ்க் ஆகிவிடும், வெளியே முறுகி உள்ளே மெத்தென்று இருக்க வேண்டும். மாடி வேலைக் குப்பைக்கு நடுவில் கனல் போட இடம் இல்லை என்றால் இரும்புத் தோசைக்கல் போதும், எண்ணெய் தடவாமல் வாட்டு. நெய்யோ வெண்ணெயோ தடவி வறுக்காதே, அது வேறு வாசனையைக் கொண்டுவந்துவிடும்.

எண்ணெயில்தான் ஏமாற்று அதிகம். கடையில் ஒலிவ் ஆயில் என்று மலிவாக வைத்திருப்பது பெரும்பாலும் பொமேஸ், அதாவது எண்ணெய் எடுத்த சக்கையிலிருந்து மறுபடி பிரித்துச் சுத்திகரித்தது. லைட் என்று எழுதியிருந்தாலும் நிறமும் மணமும்தான் லைட், கொழுப்பு அதே. தாளிக்க ஆகும், இதற்கு ஆகாது. எக்ஸ்ட்ரா வர்ஜின், அதாவது சுத்திகரிக்காத முதல்தரம், என்று பார்த்து, கறுத்த புட்டியில் அடைத்ததாக, சின்னதாக வாங்கு. அறுவடை வருஷம் போட்டிருந்தால் புதுசாக இருப்பதை எடு, இது வைக்க வைக்க மணக்கிற சரக்கு இல்லை. வெயில் படாத இடத்தில் வைத்துச் சீக்கிரம் தீர்த்துவிடு. நல்லெண்ணெய் ஊற்றினால் என்ன என்று உன் வீட்டுக்காரம்மா கேட்பார்கள். ஊற்றித் தின்னட்டும், இட்லிப்பொடியும் வைத்துக்கொண்டால் பிரமாதமாக இருக்கும், ஆனால் இத்தாலி என்று பெயர் சொல்ல வேண்டாம்.

தக்காளி போட்டே ஆக வேண்டும் என்று பாப்பா அடம்பிடிப்பாள். போடட்டும். இங்கே அது கோடைக்காலத்து விஷயம், குளிர்காலத்தில் நல்ல வீடுகளில் தக்காளி புரூஸ்கெட்டா கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். தக்காளி இத்தாலிக்கே வெளியூர்ச் சரக்கு, அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டில்தான் வந்தது, அதைப் பற்றி இங்கே ஒரு வைத்தியர் எழுதிவைத்தது 1544இல். அதற்கு எத்தனையோ காலம் முன்னாலேயே இந்த ஜனங்கள் ரொட்டியை வாட்டி எண்ணெய் ஊற்றித் தின்றுகொண்டிருந்தார்கள்.

வடசேரிச் சந்தையில் நன்றாகப் பழுத்த, கெட்டியான சதை உள்ள தக்காளியாகப் பார்த்து எடு. ஃபிரிட்ஜில் வைக்காதே, மணம் செத்துப்போகும். குறுக்கே வெட்டி விதையையும் தண்ணீரையும் கட்டைவிரலால் வழித்து ரசத்துக்கு எடுத்துவைத்துவிட்டு, சதையை மட்டும் சின்னதாக அரிந்து, உப்புத் தூவி ஒரு கால் மணி நேரம் கண் உள்ள வடிகட்டியில் போட்டுவை. உப்பு உள்ளே இருக்கிற தண்ணீரை இழுத்து வெளியே விடும். இந்த வேலையை விட்டுவிட்டால் ரொட்டி மேஜைக்கு வருவதற்குள் சொதசொதவென்று ஆகிவிடும். வடிந்த தக்காளியில் எண்ணெய் விட்டுக் கலக்கு. மேலே பசிலிக்கோ இலை, அதாவது பேசில், போடுவார்கள். அந்த இலையைக் கத்தியால் நறுக்காமல் கையால் கிள்ளிப் போடு, நறுக்கின ஓரம் சீக்கிரம் கறுக்கும். இலை என்றதும் துளசியைப் பறித்துவிடப் போகிறாய், வேண்டாம், அதில் கிராம்பு வாடை. உங்கள் பக்கத்துக் கோயில் நந்தவனத்தில் திருநீற்றுப்பச்சிலை உண்டே, ஃபலூடாவில் போடுகிற சப்ஜா விதை அதில்தான் வருகிறது, அதுவும் இங்கத்து பசிலிக்கோவும் ஒரே இனம். மணம் கொஞ்சம் மாறும், ஆனால் கிட்டத்தில் வரும். தின்னப் போகிற நேரத்தில்தான் ரொட்டி மேல் அள்ளி வைக்க வேண்டும், முன்கூட்டியே அடுக்கி வைத்துவிட்டு விருந்தாளிக்குக் காத்திருக்கக் கூடாது.

அந்தக் கறுப்புப் பாகைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மோதெனா ஊரில் குறைந்தது 12 வருஷம் மரப்பீப்பாயில் வைத்து எடுக்கிற பால்சாமிக்கோ என்கிற காடி ஒன்று உண்டு, அது சொட்டுக் கணக்கில் விடுகிற சாமான், விலை கேட்டால் மயக்கம் வரும். வீடியோவில் ஊற்றுவது அது இல்லை, சாதாரண காடியை இனிப்புச் சேர்த்துக் கெட்டியாக்கினது. இங்கே யாரும் அதை ரொட்டி மேல் ஊற்றி நான் பார்த்ததில்லை.

உனக்கென்று ஒன்று சொல்கிறேன், நீ ஈரல் பிரியன். டஸ்கனியில் கல்யாணமோ கிறிஸ்துமஸோ எதுவானாலும் விருந்தில் முதலில் வருவது க்ரோஸ்தீனி, சின்னத் துண்டு ரொட்டியில் கோழி ஈரல் தடவினது. வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கி, ஈரலைப் போட்டு, கொஞ்சம் ஒயின் விட்டு வற்றவைத்து, உப்பில் ஊறின நெத்திலியும் கேப்பர் என்கிற செடியின் பூமொட்டும் சேர்த்துக் கொத்தி விழுதாக்குகிறார்கள். சில வீடுகளில் ரொட்டியின் ஒரு பக்கத்தை மட்டும் சூடான கோழிச் சாற்றில் தொட்டு எடுத்துத் தடவுவார்கள். ஓட்டலில் நான் செய்து வைத்தால் தட்டு திரும்பி வருவதில்லை. நீயும் ஒயின் இல்லாமல் செய்து பார்க்கலாம், எலுமிச்சை கொஞ்சம் பிழிந்தால் ஈடுகட்டும். மிளகாய்ப்பொடி போடத் தோன்றும், போடாதே. சரி, கொஞ்சம் மிளகு போட்டுக்கொள்.

கிறிஸ்துமஸுக்கு லீவு கேட்டிருக்கிறேன், கிடைத்த மாதிரிதான். வந்தால் வீட்டுக்காரர் கொடுத்த புது எண்ணெயில் ஒரு தகர டின் பெட்டியில் வைத்துக் கொண்டுவருகிறேன், அதுவரை பாப்பா கடை எண்ணெயில் பழகட்டும். பேக்கரிக்காரரிடம் மட்டும் இப்போதே பேசி வை, பண்டிகை நேரத்தில் அவர் கேக்கை விட்டுவிட்டு உனக்கு ரொட்டி போட மாட்டார். அப்புறம், மாடிக்குக் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரம் வைக்கிறாய் என்று எழுது. ஆலையில் பார்த்த மாதிரி ஒரு கணப்பு அடுப்பை மேலே மூலையில் கட்டிவிடலாம் என்று எனக்கு ஒரு யோசனை, கொத்தனார் போவதற்கு முன்னால் முடிவு பண்ண வேண்டும்.

அம்மாவிடம் கேட்டதாகச் சொல்.

உன் மக்கா