அறுபது வயது ஒயின்

ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த ஸ்பெயின் பயணக் கட்டுரையில் 'ஒயின் எவ்வளவு பழசோ அவ்வளவு ருசி' என்று போகிற போக்கில் ஒரு வரி இருந்தது. ஒன்பது வருஷமாக பில்பாவோவில் வேலை பார்க்கிற எனக்கு அது உறுத்தியது. போன குளிர்காலத்தில் வடக்கு ஸ்பெயினின் ரியோஹா பகுதியில் செய்த 1964ஆம் வருஷத்துச் சிவப்பு ஒயின் இரண்டு பாட்டில் திறக்கப்பட்டபோது பக்கத்தில் இருந்தேன். ஒரே அறுவடை, ஒரே நிறுவனம், ஒரே லேபிள். ஒன்றை வாயில் வைக்க முடியவில்லை.

ஆரோ என்ற சிற்றூரில் நண்பரின் அப்பா வீடு. 1964 அந்தப் பக்கத்தில் இன்றும் பெருமையாகப் பேசப்படும் வருஷம். மண்டி அடியில் இறங்கட்டும் என்று பெரியவர் இரண்டு நாள் முன்பே பாட்டில்களை நிமிர்த்தி வைத்திருந்தார். பழைய கார்க்கில் திருகாணியை இறக்கினால் பொடிந்துவிடும். அதனால் இரண்டு மெல்லிய தகடுகள் கொண்ட திறப்பானைக் கார்க்குக்கும் கண்ணாடிக்கும் நடுவே செருகி, மெல்லத் திருகித் திருகி எடுத்தார். அப்படியும் முதல் பாட்டிலின் கார்க் பாதி உள்ளே விழுந்தது. ஒயினும் கழுத்துக்குக் கீழே நன்றாக இறங்கியிருந்தது. மோந்து பார்த்தால் சுத்தமான வினிகர். பெரியவரின் தம்பி வீட்டு வரவேற்பறை அலமாரியில் இருபது வருஷம் நின்றுகொண்டே இருந்த பாட்டிலாம் அது. நிற்க வைத்தால் கார்க் காய்ந்து சுருங்கும், காற்று உள்ளே போகும். அவ்வளவுதான் விஷயம்.

இரண்டாவது, நிலவறையின் குளிர்ச்சியில் படுத்தே கிடந்தது. கழுத்துக்குப் பின்னால் மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு, ரசத்தில் தெளிவை மட்டும் இறுப்பது போல ஜாடிக்கு மாற்றினார். கறுப்பாக மண்டி எட்டிப் பார்த்ததும் கை நின்றது. புளி பழசானால் கறுக்கும். சிவப்பு ஒயின் பழசானால் வெளுக்கும். கோப்பையில் இருந்தது செங்கல் நிறம், ஓரத்தில் காவி. காய்ந்த ஆரஞ்சுத் தோல், புகையிலை, மழையில் நனைந்த சருகு, இப்படி ஒரு வாசனை. இளம் ஒயினில் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு இதில் இல்லை; அதில் பெரும்பகுதி நிறத்தோடு சேர்ந்து மண்டியாகப் படிந்துவிட்டது. புளிப்பு மட்டும் விறைப்பாக உயிரோடு இருந்தது. முக்கால் மணி நேரம்தான். அப்புறம் வாசனை ஒவ்வொன்றாகக் கழன்றுபோய், கடைசி வாய் வெறும் புளித்தண்ணீர்.

ரியோஹாவுக்கு இந்த ஆயுள் சும்மா வந்ததல்ல. 19ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் திராட்சைக் கொடிகளை ஃபிலோக்ஸெரா பூச்சி அழித்தபோது, அந்நாட்டின் ஒயின் ஊரான போர்தோவின் வியாபாரிகள் ஒயின் தேடி ஆரோவுக்கு வந்தார்கள். 225 லிட்டர் ஓக் பீப்பாயில் ஊறப்போடும் பழக்கம் அந்தக் காலத்தில்தான் இங்கே வேரூன்றியது. இன்றும் லேபிளில் 'கிரான் ரெசெர்வா' (ரொம்பக் காலம் பக்குவப்படுத்தியது) என்று போட வேண்டுமானால் ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும். அதில் குறைந்தது இரண்டு வருஷம் பீப்பாயில். உங்கள் கட்டுரையாளர் முகம் சுளித்த நிலவறைச் சிலந்தி வலையும் அழுக்கு அல்ல. 1877இல் தொடங்கிய லோபெஸ் தே எரேதியா என்ற ஆரோ ஒயின் நிறுவனத்தில் அவற்றை வேண்டுமென்றே விட்டு வைத்திருக்கிறார்கள். கார்க்கைத் துளைக்கும் அந்துப்பூச்சியைச் சிலந்தி தின்றுவிடும் என்பது அவர்கள் கணக்கு.

ஆனால் கடையில் ஐந்து யூரோவுக்குக் கிடைக்கிற ஒயினுக்கு இந்தக் கதை எதுவும் பொருந்தாது. அது ஓரிரு வருஷத்தில் குடித்து முடிக்க வேண்டிய சரக்கு. இதை ஏன் இவ்வளவு தூரம் எழுதுகிறேன் என்றால், நான் வாங்கிக் கொடுத்த அப்படி ஒரு பாட்டில் திருச்சியில் மாமா வீட்டு ஷோகேஸில், கொலு பொம்மைகளுக்குப் பக்கத்தில், ஏழு வருஷமாக நிற்கிறது. உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு மாமா போன் செய்தார்: "இன்னும் பத்து வருஷம் போகட்டும்டா." பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது முதல் வேலையாக அதைத் திறக்கப் போகிறேன். வினிகராகியிருந்தால் மாமாவுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
பில்பாவோ, ஸ்பெயின்.