பராமரிப்புக்கும் பணம் ஒதுக்குங்கள்

ஆய்வு நிதி வழங்கும் குழுவினருக்கு வணக்கம்.

நான் கணினி வேதியியலில் வேலை செய்கிறேன். நிரலை யாரும் பார்க்கவும் திருத்தவும் திறந்து வைத்திருக்கும் திறமூல மென்பொருள் இல்லாமல் எனக்கு ஒரு நாள்கூட ஓடாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஆய்வகத்தின் மூலையில் ஒரு பழைய கணினி இருக்கிறது. திரையின் ஓரத்தில் ‘அப்டேட் செய்யாதீர்கள்’ என்று சீட்டு ஒட்டியிருக்கும். பத்து வருடத்துக்கு முன் படித்துவிட்டுப் போன ஓர் அண்ணன் பைத்தான் என்ற நிரல் மொழியின் பழைய பதிப்பான பைத்தான் 2-இல் எழுதிய நிரல் அதில் மட்டும்தான் ஓடும். பைத்தான் 2-க்கான ஆதரவோ 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு நின்றுவிட்டது. நிரல் எல்லோருக்கும் திறந்துதான் கிடக்கிறது, திருத்தத்தான் ஆள் இல்லை. அவருக்கு இப்போது வேறு வேலை, குடும்பம். போன் செய்து கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

பெரிய இடங்களிலும் இதே கதைதான். மூலக்கூறுகளின் அமைப்பைக் கண்டறிய உதவும் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) மதிப்புகளைக் கணக்கிட, 2014-இல் வெளியான ஒரு பைத்தான் நிரலை வேதியியலாளர்கள் பலர் பயன்படுத்தி வந்தார்கள். ஹவாய் பல்கலைக்கழகத்தில் அதே கோப்புகளைக் கொடுத்து ஓட்டிப் பார்த்தபோது விண்டோஸ் 10-இல் 173.2 வந்தது, உபுண்டு என்ற இன்னொரு இயங்குதளத்தில் 172.4. கோப்புகளை வரிசையாக அடுக்கும் ஒரு வரி நிரலில் இல்லை. ஒவ்வொரு இயங்குதளமும் தன் போக்கில் கோப்புகளை எடுத்துக் கொடுக்க, பொருந்தாதவை ஜோடி சேர்ந்துவிட்டன. 2019-இல் இது வெளியானபோது நூற்றுக்கும் மேற்பட்ட கட்டுரைகளின் மேல் சந்தேகம் விழுந்தது. நிரல் திறந்திருந்ததால்தான் பிழை அகப்பட்டது, சரி. ஆனால் ஐந்து வருடம் ஆனதே! பார்த்துக்கொள்வது யாருடைய வேலையாகவும் இல்லை.

அதே 2019 ஏப்ரல் 10-இல் கருந்துளையின் முதல் படம் வந்தது. கணக்கிடவும் வரைபடம் போடவும் உதவும் நம்பை, சைபை, மேட்பிளாட்லிப் ஆகிய திறமூலப் பைத்தான் மென்பொருள்கள் எல்லாம் அதில் பங்காற்றியவை. ஐந்து நாள் கழித்து, சைபைக்கு ஆதரவு கேட்ட விண்ணப்பத்தை அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை நிராகரித்தது. போதிய தாக்கம் இல்லையாம். படித்தபோது மனசு ஆறவில்லை.

இருக்கிற நிரலைச் சோதித்து, திருத்தி, விளக்கம் எழுதி வைக்கும் ஆளுக்கு நாங்கள் சம்பளம் கேட்டால், ‘இதில் புதிதாக என்ன?’ என்ற கேள்வியோடு விண்ணப்பம் திரும்பி வருகிறது. மைக்ரோஸ்கோப்புக்கு ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போடும்போது யாரும் அப்படிக் கேட்பதில்லை.

அடுத்த அழைப்பிலாவது மென்பொருள் பராமரிப்புக்கென்று தனித் தலைப்பு ஒன்று சேருங்கள். நிரலாளர் ஒருவரை மூன்று வருடமாவது சம்பளத்தில் வைத்துக்கொள்ள அனுமதியுங்கள். அண்ணனின் நிரலை பைத்தான் 3-க்கு மாற்றும் விண்ணப்பத்தை இப்போதே எழுதி வைத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
ஓர் ஆய்வாளர்