நம்ம கொட்டாயை இடிக்கிறார்கள்

அன்புள்ள துரைக்கு,

இங்கே எல்லாரும் நலம். மருமகள் வேலையில் சேர்ந்த சேதியை உன் தங்கச்சி சந்தையில் பார்த்துச் சொன்னாள், சந்தோஷம். வாய்க்காலில் தண்ணீர் விட்டாச்சு, உன் பங்கு வரப்புத் தகராறும் ஒருவழியாக ஓய்ந்தது. அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

நம்ம சினிமாக் கொட்டாயை இடிக்கிறார்கள். கல்யாண மண்டபம் வருகிறதாம். கூரைத் தகரத்தைக் கழற்றியாச்சு, ஜேசிபி வந்து வாசலில் நிற்கிறது. படம் நின்று இத்தனை வருஷம் பூட்டிக் கிடந்தபோது திரும்பிப் பார்க்காத ஊர், இப்போது ரோட்டில் நின்று செல்போனில் படம் பிடிக்கிறது. பெஞ்சு டிக்கெட், முறுக்கு, சோடா, மணலைக் குவித்து உட்கார்ந்தது என்று ஆளாளுக்கு அதே கதை. எல்லாரும் திரையைப் பார்த்தவர்கள்தானே, முதுகுக்குப் பின்னால் கேபினில் நின்று படம் ஓட்டினவரைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஆபரேட்டர் அண்ணனைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன். எண்பது தாண்டிவிட்டது அவருக்கு. பேரன் கையைப் பிடித்துக்கொண்டு அந்தச் செங்குத்துப் படியில் ஏறிவிட்டார். கேபினில் மிஷின் இல்லை, எப்போதோ எடைக்குப் போட்டுவிட்டார்கள். கார்பன் புகை போகிற குழாய் மட்டும் கூரையில் தொங்குகிறது. திரையைப் பார்க்கிற சின்ன ஜன்னல் பக்கத்தில் ஒரு கருப்புத் திட்டு, உள்ளங்கை அகலம். எண்ணெயும் கரியும் ஏறி, சுண்ணாம்பே பளபளவென்று ஆகியிருக்கிறது. என்னவென்று கேட்டேன். "ரீல் மாத்தறப்ப இடக்கையை அங்கதான் ஊனுவனுங் கண்ணு" என்றார். ஊன்றியும் காட்டினார். கை சரியாக அங்கே போய் உட்கார்ந்தது.

அவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டேன், உனக்கும் சொல்கிறேன். ஆயிரம் அடி ரீல் பதினோரு நிமிஷம் ஓடும். ரெண்டு ரீலை ஒட்டி ஒரே ஸ்பூலில் சுற்றினால் இருபத்திரண்டு நிமிஷம். டென்ட்டாக இருந்த காலத்தில் ஒத்தை மிஷின், அதனால்தான் ரீலுக்கு ரீல் இடைவேளை. கட்டடம் கட்டி ரெண்டாவது மிஷின் வந்த பிறகு நிற்காமல் ஓட்ட வேண்டும். ஸ்பூல் முடிய எட்டு விநாடி இருக்கும்போது படத்தின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னி மறையும். உடனே அடுத்த மிஷினின் மோட்டாரைப் போடணும். முடிகிற நேரத்தில் இரண்டாவது புள்ளி. அப்போது இந்த மிஷினின் வெளிச்சத்தை அடைத்து அந்த மிஷினின் வெளிச்சத்தைத் திறக்கணும். பாட்டு நடுவில் வந்தாலும் கீழே ஒரு ஆளுக்குத் தெரியக்கூடாது. நாம் எத்தனை படம் பார்த்தோம், ஒரு புள்ளியாவது கண்ணில் பட்டிருக்கிறதா?

இது போக வெளிச்சம். ரெண்டு கார்பன் குச்சி நுனிக்கு நடுவில் மின்சாரம் பாய்ந்துதான் அது வரும். குச்சிகள் எரிந்து குறைந்துகொண்டே வரும், இடைவெளி கூடிவிடாமல் திருகிக்கொண்டே இருக்கணும். கொஞ்சம் விட்டால் திரை மங்கும், நீ விசிலடிப்பாய். உன் விசிலை மட்டும் அவருக்கு இன்றைக்கும் அடையாளம் தெரிகிறது! மிஞ்சின கார்பன் துண்டை எடுத்துப்போய் வாத்தியார் வீட்டுச் சுவரில் என்ன எழுதினாய் என்பதையும் மறக்கவில்லை. பேரனிடம் சொல்லிவிட்டார், இனி ஊருக்கே தெரியும்.

டிவி வந்து கொட்டாயைக் கொன்றது என்று எல்லாரும் சொல்கிறார்கள். டிவி அடித்தது நிஜம்தான், ஆனால் அதற்கப்புறமும் பல வருஷம் செகண்ட் ஷோ ஓடியதே? அண்ணன் சொல்கிற கணக்கு வேறு, எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. அந்தக் காலத்தில் ஒரு படத்துக்குப் பிரிண்ட் கொஞ்சம்தான். கோவையிலும் ஈரோட்டிலும் ஓடி முடித்து, கோபி போய், அப்புறம்தான் நமக்குப் படப்பெட்டி வரும். கோடு விழுந்த பிரிண்டாக இருந்தாலும் நம் முறை என்று ஒன்று இருந்தது. பண்ணாரி அம்மன் கோயில் குண்டத்துக்கு, அதான் தீமிதிக்கு, போய் வருகிற கூட்டத்துக்காகப் பெட்டியைப் பேசி வைப்பார்கள். டிஜிட்டல் வந்ததும் ஒரே நாளில் எல்லா ஊரிலும் ரிலீஸ், ரெண்டு வாரத்தில் படத்தின் கதை முடிந்தது. காத்திருந்து பார்க்கிற ஆளே இல்லாமல் போனான். புது புரொஜெக்டருக்குப் பணம் போட முதலாளிக்கும் தெம்பில்லை.

இப்போது உன்னால் ஆக வேண்டிய காரியம். கொட்டாய் நோட்டீஸ் அத்தனையும் உங்கப்பா அச்சாபீஸில்தானே அடித்தது? ரோஸ் தாளும் மஞ்சள் தாளுமாக, பெரிய மர எழுத்தில் 'இன்று முதல்' என்று போட்டு. தட்டி வண்டி பின்னால் ஓடி அதைப் பொறுக்கினவர்கள் நாம். அவர் ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி கம்பியில் குத்தி வைப்பார், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டு உங்கள் வீட்டு அட்டாலியில் இரும்புப் பெட்டியில் இருக்க வேண்டும். அதை எடுத்து வைக்க நூலகத்தில் ஒரு அலமாரி தருவதாகச் சொல்லிவிட்டார்கள். அண்ணன் சொன்னதை நான் எழுதி வைக்கிறேன். எந்தப் படம் எந்தத் தேதியில் நம்ம ஊருக்கு வந்தது என்பதற்கு அந்த நோட்டீஸை விட்டால் வேறு சாட்சி கிடையாது.

இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதே. சாமிக்கண்ணு வின்சென்ட் கோயமுத்தூர்க்காரர்தான். ரயில்வேயில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவர், 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரையும் படச்சுருளையும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார். 1914-இல் அவர் கட்டின வெரைட்டி ஹால்தான் பின்னாளில் டிலைட். அந்தச் சாலைக்கே வெரைட்டி ஹால் ரோடு என்று பேர் நின்றுவிட்டது. கொட்டாய்க்கு மின்சாரம் தயாரித்து அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தார், சொந்தமாக அச்சகமும் வைத்தார். உங்கப்பா செய்த வேலை அந்த வரிசையில் வருகிற வேலை. அவர் இருந்தபோது நாம் யாரும் இதை அவரிடம் சொன்னதில்லை.

அண்ணனுக்குப் பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. அவர் பார்த்துச் சொன்னால்தான் எந்த நோட்டீஸ் எந்த வருஷத்துப் படம் என்று அடுக்க முடியும், பாதி நோட்டீஸில் தேதி மட்டும்தான் இருக்கும், வருஷம் இருக்காது. அதனால் லீவு கிடைக்கட்டும், குண்டத்துக்கு வரும்போது எடுக்கலாம் என்று தள்ளிப்போடாதே. உங்கள் வீட்டில் குடியிருக்கிறவர்களுக்கு ஒரு போன் போட்டு நான் வருவேன் என்று சொல். பெட்டிச் சாவி உன்னிடமா, தங்கச்சியிடமா என்பதை மட்டும் உடனே எழுது.

உன்,
பழனி